புதுக்கோட்டையில் 2 நிமிட இருட்டு: பச்சை வளையத்தைப் பார்த்த லொரென்சோ ரெஸ்பிகி யார்?

1871 டிசம்பர் 12, காலை நேரம். ராமச்சந்திர தொண்டைமான் ஆட்சியில் இருந்த, ரயிலே வராத புதுக்கோட்டையில், ஒரு இத்தாலியர் தொலைநோக்கியோடு சூரியன் மறையக் காத்திருந்தார். அவருக்குக் கிடைக்கப்போவது சுமார் 2 நிமிட முழு இருட்டு மட்டும்தான். மேகம் வந்தால் அதுவும் போச்சு. கடல் தாண்டி வந்த பயணமே வீண்.

அவர் பெயர் லொரென்சோ ரெஸ்பிகி. அப்போது வயது 47.

இத்தாலியின் கோர்த்தேமஜோரே என்ற சிற்றூரில் 1824-ல் பிறந்தவர். போலோனியா பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியர் ஆகி, 1855-ல் அங்குள்ள வானாய்வகத்தின் இயக்குநர் பொறுப்புக்கும் வந்தார். 1862, 1863-ல் புதிய வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சிக்கல் வானத்திலிருந்து வரவில்லை, அரசியலிலிருந்து வந்தது. போப்பின் ஆட்சியில் இருந்த போலோனியா, புதிதாக உருவான இத்தாலிய அரசோடு இணைந்தது. புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று பேராசிரியர்களுக்கு உத்தரவு. ரெஸ்பிகி மறுத்தார். அவருடைய அரசியல் நிலைப்பாட்டை ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். ஆனால் 1864-ல் வேலை போனது. அப்போது இன்னும் போப்பின் கையில் இருந்த ரோமுக்குப் போய், 1866-ல் காம்பிடோலியோ வானாய்வகத்தின் இயக்குநர் ஆனார். நான்கே ஆண்டுகளில், 1870-ல், ரோமும் அதே இத்தாலியோடு சேர்ந்துவிட்டது என்பது வேறு கதை.

ரோமில்தான் அவருடைய முக்கியமான ஆய்வுகள் நடந்தன. நட்சத்திரங்கள் ஏன் மினுக்குகின்றன என்று அவற்றின் ஒளியை நிறம் பிரித்துப் பார்த்தார். 1869 முதல், சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைத் தொடர்ந்து வரைபடமாக்கினார்.

சரி, புதுக்கோட்டைக்கு ஏன் வந்தார்? 1871 கிரகணத்தின் முழு நிழல் மலபார் கரையில் நுழைந்து ஊட்டி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம், திருகோணமலைக்குப் போனது. பிரிட்டனின் நார்மன் லாக்கியர் தலைமையில் வந்த குழு, பாதை நெடுகப் பிரிந்து நின்றது. ஓரிடத்தில் மேகம் மறைத்தாலும் இன்னோரிடத்தில் வானம் தெளிவாக இருக்கும் அல்லவா? லாக்கியர் பேக்கல் கோட்டையில் நின்றார். ரெஸ்பிகிக்குக் கிடைத்தது புதுக்கோட்டை. அவரோடு ஓவியர் ஹென்றி ஹாலிடேயும் வந்திருந்தார். கேமராவை முழுசாக நம்ப முடியாத காலம், அதனால் கையால் வரைய ஆள் தேவைப்பட்டது.

அன்றைக்கு இருந்த பெரிய கேள்வி: கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் வெள்ளி ஒளிவட்டம், அதாவது கொரோனா, உண்மையில் சூரியனுடையதா? அல்லது நம் காற்றுமண்டலம் காட்டும் மாயமா?

ஒளியை நிறம் பிரிக்கும் கருவியில் வழக்கமாக ஒரு மெல்லிய இடுக்கு இருக்கும். அதன் வழியாக சூரியனின் ஒரு கீற்றை மட்டும்தான் பார்க்க முடியும். ரெஸ்பிகி இடுக்கையே எடுத்துவிட்டு, தொலைநோக்கியின் முன்னால் முப்பட்டகத்தை வைத்தார். எளிய யோசனைதான், ஆனால் பிரமாதமானது. வருவது எல்லா நிறமும் கலந்த ஒளி என்றால் பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். ஒளிரும் வாயு என்றால், அது உமிழும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி பிம்பம் கிடைக்கும்.

இருட்டு சூழ்ந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி வளையங்கள் தெரிந்தன. பச்சைதான் பளிச்சென்று இருந்தது. பேக்கலில் இதே முறையில் பார்த்த லாக்கியருக்கும் வளையங்கள் தெரிந்தன. சூரியனைச் சுற்றி உண்மையிலேயே ஒளிரும் வாயு இருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

சிவப்பும் நீலமும் ஹைட்ரஜனுக்கு உரியவை. பச்சை? 1869-ல் அமெரிக்கக் கிரகணத்தில் முதலில் தென்பட்ட அந்த நிறக்கோடு, பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை. அதனால் கொரோனியம் என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்தார்கள்.

தென்னிந்தியப் பயணத்தில் ரெஸ்பிகிக்கு இன்னொரு லாபமும் இருந்தது. காமா வெலோரம் என்ற தெற்கு நட்சத்திரத்தின் ஒளியில் பிரகாசமான கோடுகளைக் கண்டார். ரோமிலிருந்து பார்த்தால் அது அடிவானத்தை ஒட்டித்தான் வரும். தமிழ்நாட்டில் நன்றாக மேலே வரும்.

1889 டிசம்பர் 10-ல் ரோமில் இறக்கும் வரை அவர் காம்பிடோலியோவின் இயக்குநராகவே இருந்தார். நிலவின் பள்ளம் ஒன்றுக்கு இன்று அவர் பெயர். பச்சை வளையம் எதனால் வந்தது என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

விடை 1940-களில்தான் வந்தது. அது புதுத் தனிமம் இல்லை, நமக்கு நன்றாகத் தெரிந்த இரும்புதான். இரும்பு அணுவில் 26 எலக்ட்ரான்கள். அதில் சரிபாதி, 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு அந்தப் பச்சை ஒளியைத் தருகிறது. அவ்வளவு எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிய, துகள்கள் அசுர வேகத்தில் மோத வேண்டும். அதாவது வெப்பநிலை பத்து லட்சம் டிகிரிக்கும் மேல் இருக்க வேண்டும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 டிகிரிதான். அடுப்பைவிட அதைச் சுற்றியுள்ள காற்று பல மடங்கு சுடுவது மாதிரி.

அந்தக் கூடுதல் ஆற்றல் எப்படி மேலே போகிறது என்பதற்கு இன்னும் முழுமையான விடை இல்லை. 2023 செப்டம்பர் 2-ல் இஸ்ரோ ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலத்தில், இதை ஆராய பெங்களூருவின் இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய கருவி ஒன்று இருக்கிறது. செயற்கையாகச் சூரியனை மறைத்துவிட்டு அது பார்க்கும் ஒளிகளில் ஒன்று 530.3 நானோமீட்டர். புதுக்கோட்டையில் தெரிந்த அதே பச்சை.