ஊருக்கு வைத்தியம் பார்த்த பேராசிரியர்

நெருக்கமான வீடுகள், குறுகலான சந்துகள், நாறும் சாக்கடை. இப்படிப்பட்ட இடத்தைச் சீராக்க என்ன வழி?

எல்லாவற்றையும் இடித்துவிட்டு நேராக ரோடு போடுவதே வழி என்று ஒரு காலத்தில் அதிகாரிகள் நினைத்தார்கள். அது தவறு என்று காட்டியவர் பாட்ரிக் கெடிஸ்.

பார்வை போயிற்று!

கெடிஸ் 1854-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். உயிரியல் படித்தார். ஆனால், பட்டம் எதுவும் வாங்கவில்லை.

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போனபோது, திடீரென்று அவருடைய பார்வை மங்கிவிட்டது. பல வாரம் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியது. ஆனால், மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் கண் வைத்து வேலை செய்ய முடியவில்லை.

பிறகு டண்டி நகரில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். ஆனாலும், அவர் மனம் ஊர்களை ஆராய்வதிலேயே இருந்தது.

ஏழைகள் நடுவே குடித்தனம்

1886-ல் அன்னா என்ற பெண்ணை மணந்தார். எடின்பரோ நகரில் ஏழைகள் வாழ்ந்த பழைய பகுதியில் இருவரும் குடியேறினார்கள். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு வீடுகளுக்கு வெள்ளை அடித்தார்கள்; செடி வைத்தார்கள்.

எம்டன் செய்த வேலை

1914-ல் நகர அமைப்பை விளக்கும் படங்களைக் கண்காட்சிக்காகச் சென்னைக்கு அனுப்பினார். வழியில் அந்தக் கப்பலை எம்டன் மூழ்கடித்தது. சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன்தான்!

கெடிஸ் தளரவில்லை. நண்பர்கள் வேறு படங்களைச் சேர்த்து அனுப்பினார்கள். 1915-ல் கண்காட்சி நடந்தது.

பிறகு தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்தார். நல்ல டாக்டர் புண்ணை மட்டுமே அறுப்பார், காலை வெட்டமாட்டார். அதுபோல, பாழடைந்த வீடுகளை மட்டும் அகற்றி, அந்த இடத்தில் மரம் வைக்கலாம் என்றார். ஏழைகள் வீடு இழக்கவேண்டாம், செலவும் குறைவு.

மறைத்த செய்தி

1917-ல் அவருடைய மூத்த மகன் பிரான்சில் போரில் மாண்டார். அப்போது அன்னா இந்தியாவில் காய்ச்சலாகப் படுத்திருந்தார். கெடிஸ் துக்கத்தை விழுங்கிக்கொண்டு, செய்தியை மறைத்துவிட்டார். மகன் இறந்தது தெரியாமலே அந்தத் தாய் கண்மூடினார்.

துடைப்பம் எடுத்த ஊர்

அந்தத் துயரத்திலும் அவர் வேலையை விடவில்லை. இந்தூரில் பிளேக் நோய் பரவியிருந்தது. எந்தத் தெரு சுத்தமாக இருக்கிறதோ, அதன் வழியாகவே தீபாவளி ஊர்வலம் போகும் என்று அறிவித்தார். அவ்வளவுதான்! ஊரே துடைப்பத்தைக் கையில் எடுத்தது.

1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர் ஆனார். 1932-ல் பிரான்சில் காலமானார்.

ஊரைத் திருத்த வருகிறவர், முதலில் அங்கே வாழ்கிறவர்களைப் பார்க்கவேண்டும். பட்டம் பெறாத இந்தப் பேராசிரியர் கற்றுக்கொடுத்த பாடம் அது.