கையெழுத்துக் கேட்ட தலைவர்: இரட்டைமலை சீனிவாசன்

1893 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்புவதற்காகச் சென்னையில் ஒரு மனு உருவானது. அதன் நீளம் 112 அடி; கையெழுத்துகள் 3,412. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரியிருந்தது. அவ்வாறு நடந்தால் அதிகாரம் முழுவதும் சாதி இந்துக்களின் கைக்கே போய்ச் சேரும் என்று எச்சரித்தது இம்மனு. கல்வி மறுக்கப்பட்ட மக்களிடமிருந்து இத்தனை கையெழுத்துகளைத் திரட்டியவர் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த அவர், அதே ஆண்டு அக்டோபரில்தான் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார். விலை இரண்டணா. இழிவாக ஏவப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக்கினார்; தாம் யாருக்காகப் பேசுகிறோம் என்பதை மறைக்காமலேயே மக்களிடம் ஆதரவு கேட்டார். 1896இல் இதழில் வெளியான ஒரு கடிதத்துக்காக வழக்கும் நூறு ரூபாய் அபராதமும் வந்தன. இதழோ 1900 வரை நின்றது.

பின்னர் ஆப்பிரிக்காவில் பல்லாண்டு பணியாற்றி 1921இல் திரும்பிய சீனிவாசன், 1923இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பொதுச் சாலைகள், கிணறுகள், அலுவலகங்கள் அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் நிறைவேற்றச் செய்தார். ஆனால் நியமன உறுப்பினர் நியமித்தவரின் தயவில் இருப்பவர். மக்களிடம் வாக்குக் கேட்டு வருபவரே மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் அவரும் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையும் தனித்தொகுதியும் கோரியதன் உட்பொருள் இதுவே.

1932 செப்டம்பரில் காந்தியின் உண்ணாநோன்பு அக்கோரிக்கையைப் பூனா ஒப்பந்தமாகச் சுருக்கியது. இருவரும் அதில் கையொப்பமிட வேண்டியதாயிற்று. தனி வாக்காளர் தொகுதி போய், இடஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டுத்தொகுதி வந்தது. விளைவை இன்றும் காண்கிறோம்: பட்டியலின வேட்பாளர் சேரியில் மட்டும் கைகூப்பி வெல்ல முடியாது; ஊர்த்தெருவின் மனம் கோணாமலும் பேச வேண்டியிருக்கிறது.

1945 செப்டம்பரில் சீனிவாசன் மறைந்தார். அவர் பெயரில் மாலையிட்டு ஆதரவு கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: வென்றபின் யாருக்குப் பதில் சொல்வீர்கள்?