பயத்துக்கு எஸ்டிமேட் போட்டவர்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்னு சொன்னதும் 'சஸ்பென்ஸ் படம் எடுத்தவர்'னு டக்குனு சொல்லிடுவீங்க. அவரும் நம்மள மாதிரி இன்ஜினியரிங் பக்கம் இருந்து வந்தவர்னு தெரியுமா?

1899 ஆகஸ்ட் 13 அன்று லண்டனை ஒட்டிய லெய்டன்ஸ்டோனில் பிறந்தார். அப்பா காய்கறிக் கடைக்காரர். பையன் பாப்ளரில் இருந்த பொறியியல் பள்ளியில் சேர்ந்தான். 15 வயதில் அப்பா இறந்துபோனார். ஹென்லி என்ற டெலிகிராஃப் கேபிள் கம்பெனியில் எஸ்டிமேட் போடும் கிளார்க் வேலை. வரையத் தெரிந்ததால் அங்கேயே விளம்பரப் பிரிவுக்குப் போனார். பிறகு ஊமைப்படங்களுக்கு டைட்டில் கார்டு வரையும் வேலை. 1925-ல் டைரக்டர். 1926-ல் எடிட்டர் அல்மா ரெவில்லைக் கல்யாணம் செய்துகொண்டார். கடைசிவரை அவருடைய படங்களின் முதல் விமர்சகர் அல்மாதான். 1939-ல் ஹாலிவுட்.

இனிமேதான் மேட்டரே இருக்கு.

1959-ல் ராபர்ட் பிளாக் எழுதிய 'சைக்கோ' நாவல் வெளிவந்தது. ஹைவே ஓரத்தில் ஒரு மோட்டல், அதை நடத்தும் நார்மன், அதட்டிக்கொண்டே இருக்கும் அம்மா, ரத்தம். ஹிட்ச்காக் தன் பெயரை வெளியில் காட்டாமல் உரிமையை வாங்கினார். பாரமவுண்ட் ஸ்டுடியோ பணம் போட மறுத்துவிட்டது. அப்போது அவருக்கு 60 வயது. பேர், பணம் எல்லாம் இருந்தது. பேசாம இன்னொரு பிரமாண்டப் படம் எடுத்துட்டுப் போயிருக்கலாம். அவரோ தன் சொந்தக் காசைப் போட்டார். சம்பளத்துக்குப் பதிலாகப் படத்தில் 60 சதவீதப் பங்கு கேட்டார். படம் ஊத்திக்கிட்டா நஷ்டம் அவர் தலையில்தான். டிவி தொடருக்கு வேலை செய்த டீமையே கூட்டிவந்து, கறுப்பு வெள்ளையில், சுமார் 8 லட்சம் டாலரில் முடித்தார்.

நாவலில் அவரும் திரைக்கதை எழுதிய ஜோசப் ஸ்டெஃபானோவும் எதை மாத்தினாங்கன்னு கவனிங்க. புத்தகத்தில் நார்மன் நாற்பது வயதுக்காரன், குண்டு, கண்ணாடி போட்டவன், குடிப்பவன். பார்த்ததுமே உங்களுக்குச் சந்தேகம் வந்துடும். படத்தில் ஆந்தனி பெர்கின்ஸ்: ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள இளைஞன். பாவமா இருக்கும். நாவல் நார்மனிடம் தொடங்குகிறது. படமோ 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடும் மேரியனிடம் தொடங்கி, நம்மை அவள் காரிலேயே உட்கார வைக்கிறது. போலீஸ்காரர் அவளை எட்டிப் பார்த்தால் நமக்கு வியர்க்கும். படம் பாதியைத் தாண்டுவதற்குள் அவள் கொல்லப்படுகிறாள். இப்போ யார் பின்னாடி போறது? வேற வழியில்லாம நார்மன் பின்னாடி போறோம்.

அவன் அவளுடைய காரைச் சேற்றுக் குட்டையில் தள்ளுவான். பாதி மூழ்கியதும் கார் நின்றுவிடும். அந்த நொடியில் 'அய்யோ, முழுசா மூழ்கணுமே'ன்னு உங்க மனசு துடிக்கும். தடயத்தை மறைப்பவனுக்காக நீங்க எப்போ கவலைப்பட ஆரம்பிச்சீங்க? நாவலின் பயம் அந்த மோட்டலுக்குள் இருந்தது. ஹிட்ச்காக் அதைத் தூக்கி நமக்குள்ள வெச்சுட்டார்.

குளியலறைக் காட்சியும் அதே கணக்குதான். நாவலில் தலையே துண்டாகிறது. படத்தில் ஏழு நாள் எடுத்த முக்கால் நிமிடக் காட்சியில் பெரும்பாலும் வெட்டு வெட்டாகத் துண்டு ஷாட்டுகள், ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். காயத்தைக் கற்பனை செய்வது நாம். அங்கே இசையே வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தார். பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களை அலறவிட்டு இசையமைத்துக் காட்டியதும் மனதை மாற்றிக்கொண்டார்.

1960-ல் படம் வெளியானபோது, தொடங்கிய பிறகு யாரையும் தியேட்டருக்குள் விடவில்லை. கூட்டம் வரிசையில் நின்றது. போட்ட காசு பல மடங்காகத் திரும்பியது.

இதையும் சொல்லியாகணும்: 'தி பேர்ட்ஸ்' நாயகி டிப்பி ஹெட்ரன், ஹிட்ச்காக் தன்னிடம் அத்துமீறியதாகப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். மேதைங்கிறதுக்காக அதை மறைச்சுட்டு எழுத முடியாது.

சிறந்த டைரக்டருக்கான ஆஸ்கருக்கு ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1980 ஏப்ரல் 29 அன்று இறந்தார்.

முடிவை யாரிடமும் சொல்லிடாதீங்கன்னு படம் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொண்டவர் அவர். அதனால் நாங்களும் இங்கே சொல்லவில்லை. செமஸ்டர் லீவில் நாவலைப் படிச்சுட்டுப் படத்தைப் பாருங்க. அந்தக் கார் நிற்கும் இடத்தில் உங்க மனசு யார் பக்கம் நிக்குதுன்னு மட்டும் கவனிங்க.