இரட்சிப்புக்கு விசுவாசம் கட்டாயமா? ஒரே இரவில் 3 மரணங்கள்... ஐடா ஸ்கடர் வாழ்ந்த பதில் என்ன?

ஒடுகத்தூர், அணைக்கட்டு, குடியாத்தம், ஆம்பூர்... வேலூரைச் சுத்தி எந்த ஊரா இருந்தாலும் சரி, ஒருத்தருக்கு உடம்பு ரொம்ப முடியலைன்னா வீட்டில் முதலில் வரும் பேச்சு, சிஎம்சி-க்குக் கூட்டிட்டுப் போயிடலாம் என்பதுதான். இயேசுவை நம்பினால்தான் வைத்தியம் என்ற நிபந்தனை அங்கே கிடையாது.

ஆனால், அந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், இயேசுவை விசுவாசித்தால்தான் இரட்சிப்பு என்று போதித்த மிஷனரி குடும்பத்தின் வாரிசு. இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போனது?

இரட்சிப்பு என்றால் என்ன?

பாவத்திலிருந்தும் அதன் தண்டனையிலிருந்தும் கடவுள் மனிதனை விடுவிப்பதைத்தான் கிறிஸ்தவர்கள் இரட்சிப்பு என்கிறார்கள். கத்தோலிக்கர்கள் இதை மீட்பு என்பார்கள். இது எப்படிக் கிடைக்கும் என்பதில்தான் பல நூற்றாண்டு விவாதம்.

விசுவாசத்தால் மனிதன் நீதிமான் ஆகிறான் என்கின்றன பவுலின் கடிதங்கள். செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்கிறது யாக்கோபின் கடிதம். மத்தேயு நற்செய்தியின் 25-ம் அதிகாரத்தில் வரும் நியாயத்தீர்ப்பிலோ, பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, நோயாளியைப் பார்க்கப் போனாயா என்பதே கேள்வி. 16-ம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர், விசுவாசம் மட்டுமே போதும் என்று அழுத்திச் சொன்னார். ஸ்கடர் குடும்பம் இந்த புராட்டஸ்டன்ட் மரபில் வந்ததுதான்.

ராணிப்பேட்டையில் பிறந்தவர்

ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கப்பல் ஏறிய மருத்துவ மிஷனரி. பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்கள் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். கிறிஸ்துவை அறியாமல் யாரும் அழிந்துபோகக் கூடாது என்பதுதான் அந்தத் தலைமுறை மிஷனரிகளைக் கடல் தாண்ட வைத்த எண்ணம்.

ஐடா 1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். 1876-78 பெரும் பஞ்சத்தைச் சிறுமியாகக் கண்ணால் பார்த்தவர். அந்த வாழ்க்கையே வேண்டாம், மிஷனரியாக மாட்டேன் என்ற முடிவோடு அமெரிக்காவில் படித்தார். 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால்தான் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவது அவருடைய திட்டம்.

அந்த ஒரு இரவு

ஒரு ராத்திரி, பிராமணர் ஒருவர் ஓடி வந்தார். பிரசவத்தில் மனைவி உயிருக்குப் போராடுகிறாள், நீங்கள் வர வேண்டும் என்று ஐடாவிடம் கெஞ்சினார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர் என்றார் ஐடா. அந்நிய ஆண் என் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அவர் போய்விட்டார். அடுத்து ஒரு முஸ்லிம் வந்தார். அதன்பின் இன்னொரு இந்து. அதே கோரிக்கை, அதே பதில்.

விடிந்தபோது மூன்று பெண்களுமே இறந்திருந்தார்கள்.

பழைய மிஷனரி கணக்கில் பார்த்தால், அவர்கள் நற்செய்தியை ஏற்காமல் இறந்தவர்கள். ஆனால் அவர்கள் உயிர் போனதற்குக் காரணம் அது இல்லை. பார்க்க ஒரு பெண் டாக்டர் இல்லை, அவ்வளவுதான். இரவெல்லாம் ஜெபித்த ஐடா, மருத்துவம் படித்துத் திரும்பி வருவேன் என்று பெற்றோரிடம் சொன்னார்.

வேலூரில் தொடங்கிய வேலை

நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் வாங்கினார். நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல், மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ல் இந்தியா திரும்பினார் ஐடா. சில மாதங்களில் அப்பா இறந்துவிட, தனியாகவே நோயாளிகளைப் பார்த்தார். 1902-ல் வேலூரில் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

வர முடியாதவர்களைத் தேடி அவரே குடியாத்தம் சாலையில் போனார். முதலில் மாட்டு வண்டி. 1909-ல் ஒரு பூஜோ கார். வழியில் மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள். தொழுநோயாளிகளும் அதில் உண்டு.

1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1947 முதல் ஆண்களும் மருத்துவம் படிக்க வந்தார்கள்.

அப்போ விசுவாசம் தேவையில்லை என்றாரா?

இல்லை. ஐடா கடைசிவரை ஜெபமும் வேதவாசிப்புமாக வாழ்ந்தவர். இயேசுவைப் பற்றிச் சொல்வதை அவர் நிறுத்தவே இல்லை. ஆனால் கேட்பவர் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் மருந்து ஒன்றுதான், அக்கறையும் ஒன்றுதான்.

இதற்கு இரண்டு பக்கமும் விமர்சனம் வந்தது. மருத்துவம் என்பது மதம் மாற்றத் தூண்டில் என்றார்கள் ஒரு சாரார். உடம்பைக் குணமாக்கி ஆத்துமாவை விட்டுவிட்டால் என்ன பயன் என்பது மிஷன் வட்டாரத்திலேயே எழுந்த பழைய கேள்வி.

திருச்சபைகளின் நிலை என்ன?

1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. கிறிஸ்துவில் வெளிப்பட்டதை மற்ற மதங்களின் தொடர்ச்சியாகப் பார்க்க முடியாது என்றார் டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர். சென்னையின் பி. செஞ்சையா, வி. சக்கரை போன்ற இந்தியக் கிறிஸ்தவ சிந்தனையாளர்கள் அதை ஏற்கவில்லை.

தன் தவறில்லாமல் கிறிஸ்துவை அறியாமல் போனவர், மனசாட்சிப்படி கடவுளைத் தேடி வாழ்ந்தால் மீட்புப் பெற முடியும் என்று 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அறிக்கையிட்ட விசுவாசம் இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்பதில் பல சுவிசேஷ சபைகள் இன்றும் உறுதி.

ஐடா 1960 மே 24-ல் கொடைக்கானலில், 89 வயதில் காலமானார். யார் இரட்சிக்கப்படுவார் என்ற கேள்விக்கு அவர் புதிய கோட்பாடு எதையும் எழுதி வைக்கவில்லை. அதற்கான விடை தெரியும்வரை யாரையும் வாசலில் காக்க வைக்கவும் இல்லை. அவர் வாழ்க்கையை மாற்றிய மூன்று பெண்களில் ஒருவர்கூட கிறிஸ்தவர் இல்லை என்பதுதான் வேலூர் கதையின் தொடக்கம்.