கொள்ளைநோயை எதிர்த்த ஹாஃப்கின்

மாந்தரை நெடுங்காலம் அஞ்சவைத்த நோய்களுள் ஒன்று பிளேக். இதனைக் கொள்ளைநோய் என்றும் கூறுவர். ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டில் இந்நோய் ஊர்களை வெறுமையாக்கியது. வெனிஸ் நகரத்தார் 1423இல் தீவொன்றில் பிளேக் நோயாளிகளுக்கெனத் தனி மருத்துவமனை அமைத்தனர். ஐயத்திற்குரிய கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கிவைக்கும் வழக்கமும் அங்கு இருந்தது. விலகியிருத்தலே அக்காலத்தார் அறிந்த காப்பு. பிளேக் நோய்க்கு மனிதர் போட்டுக்கொள்ளத்தக்க முதல் தடுப்பூசி, பல நூற்றாண்டுகளுக்குப் பின் நம் மும்பை நகரில் உருவாயிற்று. அதனை உருவாக்கியவர் வால்டெமர் ஹாஃப்கின்.

இளமை

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு கருங்கடல் துறைமுகமாகிய ஒடெசாவில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மெச்னிகாஃப் என்னும் அறிஞரிடம் உயிரியல் பயின்றார். யூதராக இருந்தமையால் பேராசிரியர் பதவி அவருக்கு எட்டாதிருந்தது. மதம் மாறினால் பதவி கிட்டும் என்றபோதும் அவர் இசையவில்லை. தாய்நாட்டை விட்டு நீங்கிப் பாரிஸ் சேர்ந்து, பாஸ்டர் நிறுவனத்தில் நூலகப் பணியில் அமர்ந்தார். ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்து காலராவுக்குத் தடுப்பூசி கண்டார். 1892இல் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்து, ஆயிரக்கணக்கானோர்க்கு அவ்வூசியைச் செலுத்தினார்.

பம்பாயில் பிளேக்

1896ஆம் ஆண்டு செப்டம்பரில், பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் பரவியிருப்பதை மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரை விட்டு ஓடினர். அரசு ஊழியர் வீடுகளைச் சோதித்தனர். நோயுற்றோரைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். நோய்க்கு அஞ்சியதைப் போலவே இச்சோதனைக்கும் மக்கள் அஞ்சினர்.

அரசு ஹாஃப்கினை வரவழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் நடைவழியும் மட்டுமே அவருக்குக் கிடைத்தன. நெய்த்துளிகள் மிதக்கும் இறைச்சிச் சாற்றில் பிளேக் கிருமிகளை வளர்த்தார். பின்னர் வெப்பத்தால் அவற்றைக் கொன்றார். இறந்த கிருமி நோயைத் தராது. ஆயினும் உடல் அதனைக் கண்டு எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்ளும். இதுவே அத்தடுப்பூசியின் அடிப்படை.

மருந்து தீங்கற்றதா என்பதை அறிய வேறொருவரை அவர் நாடவில்லை. 1897 ஜனவரி 10 அன்று, பிறர்க்குத் தரக் கருதியதினும் மிகுந்த அளவைத் தாமே ஏற்றுக்கொண்டார். காய்ச்சலும் வலியும் வருத்தின, பின்னர் நலமடைந்தார். அம்மாத இறுதியில் பைகுலா சிறைச்சாலையில் நோய் தோன்றியது. விரும்பி முன்வந்த கைதிகளுக்கு ஊசி செலுத்தப்பட்டது. அவர்களைவிட, ஊசி பெறாதவரிடையே நோயும் சாவும் மிகுந்தன. இளைஞராயிருந்த மூன்றாம் ஆகா கான் மக்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டு, தம் சமூகத்தாரின் அச்சத்தைப் போக்கினார். 1899இல் பரேலில் உள்ள பழைய ஆளுநர் மாளிகை ஹாஃப்கினின் ஆய்வுக்கூடமாயிற்று.

பழியும் விடுதலையும்

1902இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் 107 பேர் ஊசி பெற்றனர். அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் இசிவுநோயால் மாண்டனர். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது. அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால் பிற புட்டிகளால் எவர்க்கும் தீங்கு நேரவில்லை. புட்டியைத் திறந்தபோது உதவியாளரின் கைதவறித் தரையில் விழுந்த இடுக்கி முறையாகத் தூய்மை செய்யப்படாததே காரணமாகலாம் என அறிஞர் விளக்கினர். மலேரியா ஆய்வாளர் ரொனால்டு ராஸ் முதலியோர் அவருக்காக வாதிட்டனர். 1907இல் அவர்மீதான பழி நீங்கிற்று. மீண்டும் இந்தியா வந்தபோது பம்பாய்ப் பொறுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை, கல்கத்தாவில் பணியாற்றினார்.

1925இல் பரேல் ஆய்வுக்கூடத்திற்கு ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயரிடப்பட்டது. அவர் 1930இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மறைந்தார். ஐரோலியிலிருந்து கழியைக் கடந்து பரேலுக்குச் செல்வோர் இன்றும் அந்நிறுவனத்தைக் காணலாம். பிறந்த மண்ணில் இடம் பெறாத ஒருவரின் பெயரை, அவர் காக்க வந்த நகரம் தாங்கி நிற்கிறது.

அருஞ்சொற்பொருள்

மாந்தர் – மக்கள்
இசைதல் – உடன்படுதல்
இசிவுநோய் – தசை விறைத்து இழுக்கும் நோய்
கழி – கடலை அடுத்த நீர்ப்பரப்பு

விடை எழுதுக

1. ஹாஃப்கினுக்கு ஒடெசாவில் பேராசிரியர் பதவி கிட்டாமைக்குக் காரணம் யாது?
2. இறந்த கிருமிகள் உடலுக்கு எவ்வாறு உதவுகின்றன?
3. ஹாஃப்கின் மருந்தைத் தம் உடலில் முதலில் செலுத்திக்கொண்டது ஏன்?
4. முல்கோவாலில் நேர்ந்த சாவுகளுக்குத் தடுப்பு மருந்து காரணமன்று என்பதற்குரிய சான்று யாது?