கருவேப்பிலைக்குள் ஒரு டாக்டர்

  

அறிவியல் பாடத்தில் தாவரப் பெயர்கள் வந்தாலே பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். ஆனா கருவேப்பிலையின் பெயர் முர்ராயா கோனிகி என்று படித்ததும், யாருப்பா இந்தக் கோனிக் என்று தேடினேன். நம்ம தரங்கம்பாடியில் வாழ்ந்தவராம்!

ஜோஹன் ஜெரார்டு கோனிக் 1728-ல், இன்று லாட்வியா என்று சொல்லும் நாட்டுப் பக்கம் பிறந்தார். ஸ்வீடனில் கார்ல் லின்னேயஸிடம் படித்தார். செடிகளுக்கு ரெண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை 1753-ல் கொண்டுவந்தவர் லின்னேயஸ். அதற்கு முன்பே 1751-ல், செடியின் எந்த உறுப்பை எந்தச் சொல்லால் வர்ணிக்க வேண்டும் என்றும் ஒரு நூல் எழுதினார்.

அந்தச் சொற்கள் எதுக்கு? கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு மிஷன் டாக்டராக வந்தார். அப்போது அது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. இங்கே பார்த்த செடியை ஸ்வீடனில் இருக்கும் வாத்தியாருக்குச் சொல்லணும். கேமரா கிடையாது. செடியைக் காகிதத்தில் அழுத்திக் காயவைத்து அனுப்பினால், கப்பல் போய்ச் சேரப் பல மாசம் ஆகும். நிறமும் வாசனையும் போயிடும். எழுதியது மட்டும்தான் மாறாது. சின்ன இலை, அழகான பூ என்று எழுதினால் அங்கே யாருக்குப் புரியும்?

நாமே எழுதிப் பார்ப்போமா? கொல்லையில் ஒரு கருவேப்பிலை ஈர்க்கைப் பறிங்க. ரசத்தில் மிதக்கிறதே, அது இலை இல்லை, சிற்றிலை! ஈர்க்கு முழுசும் சேர்ந்துதான் ஒரு இலை. நான் எண்ணியதில் 17 சிற்றிலைகள் இருந்தன. நுனியில் ஒன்று தனியாக நிற்பதால் அது ஒற்றைப்படைச் சிறகுக் கூட்டிலை. பூ வெள்ளை. அல்லி இதழ் 5, மகரந்தத்தாள் 10. பழுத்தால் பழம் கருப்பு. நம்ம வயல் நெல்லுக்கு இணைப்போக்கு நரம்பு, பூவரசுக்கு வலைப்பின்னல் நரம்பு. இப்படி எழுதினால் எந்த நாட்டுக்காரரும் கண்டுபிடிச்சிடுவார்.

லின்னேயஸ் 1771-ல் கருவேப்பிலைக்குத் தன் மாணவர் பெயரைச் சேர்த்து பெர்கெரா கோனிகி என்று பெயர் வைத்தார். 1825-ல் முன்பாதி முர்ராயா ஆச்சு. இப்போ விஞ்ஞானிகள் பலர் மறுபடியும் பெர்கெரா என்கிறார்கள். கோனிகி மட்டும் அசையவே இல்லை.

எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. அவர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம்ம பாட்டிமார் தாளித்த இலை இது. அந்தப் பெயரில் அவங்க யாரும் இல்லை. சொல் இல்லாதவங்களா நாம? அரும்பு, மொட்டு, போது, மலர், வீ, செம்மல் என்று பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழில் பெயர் உண்டே. எங்க அப்பாயி பள்ளிக்கூடமே போனதில்லை. அவங்களும் ஈர்க்கு என்று சரியாகத்தான் சொல்றாங்க.

ஆனாலும் கோனிக்கைக் கோபிக்க முடியவில்லை. மிஷன் சம்பளம் செடி தேடி அலையும் செலவுக்குப் போதவில்லை. அதனால் 1774-ல் ஆற்காடு நவாபிடம் வேலைக்குப் போனார். 1778-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து சயாம், மலாக்கா வரை போனார். 1785-ல் காக்கிநாடா பக்கம் வயிற்றுக்கடுப்பு வந்து படுத்தார். அவரும் டாக்டர், நண்பர் ராக்ஸ்பர்க்கும் டாக்டர். அப்படியும் பிழைக்கவில்லை. வயது 56.

சேர்த்த குறிப்புகளையெல்லாம் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதி வைத்துவிட்டார். அவர் காயவைத்த செடிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கின்றன.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி