கண்ணாடிக் குழாயில் ஒரு காயம்: பெனிசிலினுக்கு முன் பிளமிங்

பெனிசிலின் என்றதும் அலெக்சாண்டர் பிளமிங்கின் பெயர் நினைவுக்கு வரும். ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே, காயத்தில் ஊற்றும் கிருமிநாசினி உண்மையில் கிருமியைக் கொல்கிறதா என்று அவர் சோதித்துப் பார்த்த கதை பலருக்குத் தெரியாது.

ஸ்காட்லாந்தில் டார்வல் என்ற ஊருக்கு அருகே, 1881 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிளமிங் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்புக்குப் பின் லண்டனில் ஒரு கப்பல் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற சொத்தில் கிடைத்த பங்கைக் கொண்டு, 1901-இல் செயிண்ட் மேரி மருத்துவமனையின் கல்லூரியில் சேர்ந்தார். டாக்டரான பின், அங்கேயே அல்ம்ரோத் ரைட்டின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ரைட்டின் குழுவினர் பிரான்சின் புலோன் நகருக்குச் சென்றனர். அங்கு ஒரு சூதாட்ட விடுதியே ராணுவ மருத்துவமனையாக மாறியிருந்தது.

குண்டுச் சிதறலோடு வயல் மண்ணும் கிழிந்த துணியும் வீரர்களின் உடலுக்குள் புகுந்திருந்தன. டாக்டர்கள் கார்பாலிக் அமிலம் போன்ற கிருமிநாசினிகளைத் தாராளமாக ஊற்றினர். அப்படியும் காயங்கள் சீழ் பிடித்தன, சதை அழுகியது, பலர் இறந்தனர். ஆய்வுக்கூடத்தில் கிருமியைக் கொல்லும் மருந்து காயத்தில் ஏன் தோற்கிறது?

பிளமிங் ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அதன் சுவரிலிருந்து முட்கள் போன்ற உள்ளீடற்ற கூர்முனைகளை இழுத்தார். குண்டு கிழித்த காயத்தின் சந்து பொந்துகளுக்கு அவை மாதிரி. கிருமி கலந்த இரத்தச் சீரத்தை அதில் நிரப்பிக் கொட்டினார். பிறகு கிருமிநாசினியை ஊற்றி, அதையும் கொட்டிவிட்டு, சுத்தமான இரத்தச் சீரத்தை நிரப்பினார். கிருமிகள் மீண்டும் பெருகின. முனைகளுக்குள் ஒளிந்திருந்தவற்றை மருந்து எட்டவே இல்லை.

அடுத்த சோதனை இன்னும் கசப்பான உண்மையைச் சொன்னது. கிருமிகளை எதிர்த்துப் போராடும் இரத்த வெள்ளை அணுக்களைத்தான் மருந்து முதலில் கொன்றது. காவல்காரன் சாக, திருடன் தப்பினான்.

செத்த சதையையும் அழுக்கையும் வெட்டி அகற்ற வேண்டும்; உப்பு நீரால் கழுவ வேண்டும்; மீதியை வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொள்ளும் என்பதே ரைட், பிளமிங் இருவரின் அறிவுரை. கிருமிநாசினியை நம்பிப் பழகிய டாக்டர்கள் பலர் அதை ஏற்கவில்லை. போர் முடிந்த பின், 1919-இல், லண்டன் அறுவை மருத்துவர்கள் முன் பிளமிங் தம் முடிவுகளை விளக்கினார்.

1928-இல் அவருடைய ஆய்வுத் தட்டில் பூசணம் படிந்து, சுற்றியிருந்த கிருமிகள் அழிந்தபோது, அதே பழைய கேள்வியை அவர் மறக்கவில்லை. இது வெள்ளை அணுக்களைக் கெடுக்குமா? சோதித்தார், கெடுக்கவில்லை. அதைத் தூய மருந்தாகப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின் குழுவினர் அதைச் செய்து முடித்தனர். 1945-இல் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

1955 மார்ச் 11-ஆம் தேதி பிளமிங் காலமானார். அவரது அஸ்தி லண்டன் செயிண்ட் பால் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. ஆழமான, அழுக்கேறிய காயத்துடன் வருபவருக்கு, முதலில் காயத்தைக் கழுவிச் செத்த சதையை அகற்றுவதே இன்றும் டாக்டர்களின் வழக்கம்.